கனடாவில் ஆஸ்பத்திரிக்குப் பில் கிடையாதாமே!



இன்சூரன்ஸ் என்ற சொல்லைக் கேட்டதுமே நம்மில் பாதிப் பேர் நைசாக இடத்தைக் காலி செய்துவிடுவோம். ஏஜெண்ட் வாசலில் வந்து நின்றால், "அப்பா ஊர்ல இல்லீங்க சார்" என்று சொல்லிப் பழகிய வாய் நம்முடையது. எனவே இந்தத் தலைப்பில் கட்டுரை என்றதும் பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். நான் யாருக்கும் பாலிசி விற்க வரவில்லை. நானும் உங்களைப் போல டிப்ளமோ இறுதியாண்டு மாணவன்தான்.

நம் ஹாஸ்டலில் இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் பேச்சில் கனடா தவறாமல் வந்துவிடுகிறது. சீனியர்கள் சிலர் ஒன்டாரியோ மாகாணத்துக்குப் படிக்கப் போய்விட்டார்கள். அங்குள்ள செனெகா, ஹம்பர் போன்ற கல்லூரிகள் இப்போது தங்கள் பெயரிலேயே 'பாலிடெக்னிக்' என்று சேர்த்துக்கொண்டிருப்பதால் நம் பசங்களுக்கு அங்கே ஒரு தனி ஈர்ப்பு. பேச்சின் நடுவே யாராவது ஒருவன், "அங்க டாக்டர் ஃப்ரீ, ஆஸ்பத்திரி ஃப்ரீ, எல்லாமே கவர்மெண்ட் பாத்துக்கும்டா" என்பான். மற்றவர்கள் தலையாட்டுவார்கள்.

இதில் பாதி உண்மை. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ளாமல் விமானம் ஏறினால், அப்பா நிலத்தை அடகு வைத்து வாங்கிய கடனுக்கு மேல் இன்னொரு கடன் வந்து உட்காரும். அதனால்தான் இந்தக் கட்டுரை. ஒன்டாரியோவில் வாழ்பவர்களின் உடலுக்கும் உயிருக்கும் யார் காப்பு, எதுவரை காப்பு, எங்கே அந்தக் காப்பு அறுந்துபோகிறது என்று பார்ப்போம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு

மெஷின் டிசைன் வகுப்பில் 'ஃபேக்டர் ஆஃப் சேஃப்டி' படித்திருக்கிறோம். எந்த நிமிடத்தில் எவ்வளவு சுமை வரும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே தேவைக்கு மேல் கொஞ்சம் பலம் வைத்துச் செய்கிறோம். இன்சூரன்ஸும் ஏறக்குறைய அதுதான். ஆனால் அந்தக் கூடுதல் பலத்தை ஒருவன் தனியாக வைத்துக்கொள்ள முடியாது. பலர் சேர்ந்து வைத்துக்கொள்கிறார்கள்.

ஒரு பேச்சுக்கு, ஒரே வயதுடைய 1000 பேர் இருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வருடத்தில் அவர்களில் 2 பேர் இறந்துபோகக்கூடும். இறந்தவர் குடும்பத்துக்குத் தலா 1,00,000 டாலர் தர வேண்டுமென்றால் மொத்தம் 2,00,000 டாலர் தேவை. அதை 1000 பேர் பகிர்ந்தால் தலைக்கு 200 டாலர். யார் அந்த இரண்டு பேர் என்று யாருக்கும் தெரியாது. தெரியாததால்தான் கணக்கு நிற்கிறது.

இப்போது ஒரு சிக்கல். "எனக்கு உடம்பு நல்லாத்தானே இருக்கு, நான் ஏன் கட்டணும்?" என்று ஆரோக்கியமானவர்கள் விலகிக்கொண்டால்? மிஞ்சுபவர்கள் நோயாளிகள். தொகை ஏறும். தொகை ஏறினால் இன்னும் சிலர் விலகுவார்கள். கடைசியில் திட்டமே படுத்துவிடும். இதிலிருந்து தப்ப இரண்டே வழி. ஒன்று, உள்ளே வரும் ஒவ்வொருவரையும் கேள்வி கேட்டு, சோதித்து, அபாயத்துக்கு ஏற்பப் பணம் வாங்குவது. மற்றொன்று, விதிவிலக்கு இல்லாமல் எல்லோரையும் உள்ளே சேர்த்துவிடுவது. ஆயுள் காப்பீடு முதல் வழியில் போனது. மருத்துவக் காப்பீட்டில் கனடா இரண்டாவது வழியைத் தேர்ந்தெடுத்தது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் புரிந்துவிடும்.

இன்சூரன்ஸ் எடுக்க நியூயார்க் வரை!

ஹாமில்டன் என்பது ஒன்டாரியோவில் உள்ள எஃகு நகரம். அங்கே 1840-களில் ஹியூ காசார்ட் பேக்கர் என்ற வங்கி அதிகாரி இருந்தார். தன் உயிருக்குக் காப்பீடு எடுக்க ஆசைப்பட்டார். கனடாவில் அதற்கென்று ஒரு கம்பெனிகூட இல்லை. அதற்காக நியூயார்க் வரை போய் மருத்துவப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. ஹாமில்டனுக்கு இன்னும் ரயில் வராத காலம் அது. திரும்பி வந்தவர் சும்மா இருக்கவில்லை. 1847-ல் 'கனடா லைஃப்' என்ற கம்பெனியை ஹாமில்டனிலேயே தொடங்கினார். கனடாவின் முதல் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனி அதுதான்.

பிறகு வரிசையாக வந்தன. 1865-ல் மாண்ட்ரியலில் 'சன் லைஃப்' பதிவானது. 1887-ல் டொரான்டோவில் 'மானுலைஃப்' தோன்றியபோது, அதன் முதல் தலைவராக இருந்தவர் யார் தெரியுமா? அப்போதைய பிரதமர் ஜான் ஏ. மக்டொனால்டேதான்! நம் நாட்டுக்கும் இதில் ஒரு தொடர்பு உண்டு. 1956-ல் எல்.ஐ.சி. உருவாகி ஆயுள் காப்பீடு நாட்டுடைமை ஆகும்வரை சன் லைஃப் இந்தியாவிலும் பாலிசி விற்றுக்கொண்டிருந்தது.

ஆக, உயிருக்குக் காப்பீடு அங்கே 1847-லேயே வந்துவிட்டது. ஆனால் உடம்புக்கு? அதற்கு இன்னும் நூறு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது.

ஒரு சிறுவனின் கால்

ஸ்காட்லாந்தில் 1904-ல் பிறந்து, பெற்றோருடன் கனடாவுக்கு வந்த சிறுவன் டாமி டக்ளஸ். காலில் எலும்புச் சீழ் நோய். பெரிய டாக்டரிடம் போகக் குடும்பத்திடம் பணமில்லை. காலை எடுத்துவிட வேண்டியதுதான் என்ற நிலை. அப்போது வின்னிபெக் நகரில் ஒரு அறுவை சிகிச்சை நிபுணர், தன் மாணவர்கள் பார்த்துக் கற்றுக்கொள்ள அனுமதித்தால் இலவசமாகச் செய்கிறேன் என்றார். கால் பிழைத்தது.

இந்தப் பையன் வளர்ந்து அச்சகத்தில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தார் என்பது நம்மைப் போன்றவர்களுக்குக் கேட்க இனிக்கும் செய்தி. பிறகு பாதிரியார் ஆனார், பிறகு அரசியலுக்கு வந்தார், 1944-ல் சஸ்காச்சுவான் மாகாணத்தின் முதல்வரும் ஆனார். தன் கால் பிழைத்தது ஒரு டாக்டருக்கு இரக்கம் வந்ததால்தான், அந்த இரக்கம் வராமல் போன பிள்ளைகளின் கதி என்ன என்ற கேள்வி அவரை விடவில்லை. 1947 ஜனவரி 1 முதல் அவருடைய மாகாணத்தில் எல்லோருக்கும் ஆஸ்பத்திரிக் காப்பீடு வந்தது. டாக்டர் கட்டணத்துக்கும் காப்பீடு என்ற அடுத்த படியை, அவருக்குப் பின் முதல்வரான உட்ரோ லாயிட் 1962 ஜூலை 1 அன்று நடைமுறைக்குக் கொண்டுவந்தார்.

அன்றே டாக்டர்கள் வேலை நிறுத்தம்! "அரசாங்கம் எங்களைக் கூலிக்காரர் ஆக்கப் பார்க்கிறது" என்பது அவர்கள் பயம். 23 நாள் நீடித்தது. ஒருவழியாக ஜூலை 23 அன்று சஸ்காட்டூன் நகரில் உடன்பாடு ஏற்பட்டது. டாக்டர்கள் அரசு ஊழியர் ஆக வேண்டியதில்லை, தங்கள் கிளினிக்கைத் தாங்களே நடத்தலாம், பில் மட்டும் அரசுத் திட்டத்துக்குப் போகும் என்ற ஏற்பாடு நிலைத்தது. இன்று வரை கனடா முழுவதும் இதுதான் அச்சாணி.

ஒன்டாரியோ உள்ளே வந்த கதை

ஒன்டாரியோ பணக்கார மாகாணம். தனியார் காப்பீட்டுக் கம்பெனிகளின் தலைமையகங்கள் அங்கேதான் அதிகம். மத்திய அரசு 1957-ல் ஆஸ்பத்திரிச் செலவைப் பகிர்ந்துகொள்ளும் சட்டம் போட்டதும் 1959-ல் ஆஸ்பத்திரிக் காப்பீட்டைத் தொடங்கியது. ஆனால் டாக்டர் கட்டணத்துக்கான 1966-ஆம் ஆண்டு சட்டத்தில் சேர முதல்வர் ஜான் ராபர்ட்ஸுக்கு மனசே இல்லை. கடைசியில் 1969 அக்டோபரில் சேர்ந்தார்கள். 1972-ல் ஆஸ்பத்திரி, டாக்டர் இரண்டும் ஒரே குடையின் கீழ் வந்தன. அதுதான் 'ஒன்டாரியோ ஹெல்த் இன்சூரன்ஸ் பிளான்'. சுருக்கமாக எல்லோரும் 'ஓஹிப்' என்பார்கள்.

1984-ல் வந்த கனடா ஹெல்த் ஆக்ட் ஐந்து நிபந்தனைகளை வைத்தது. அரசு நிர்வாகம், தேவையான மருத்துவம் அனைத்தும், அனைவருக்கும், மாகாணம் மாறினாலும் தொடர்ச்சி, பணம் தடையாக இல்லாத அணுகல். டாக்டர் தனியாக நோயாளியிடம் மேல்பணம் வாங்கினால், அந்த அளவு தொகை மாகாணத்துக்கு வரும் மத்திய நிதியில் வெட்டப்படும். 1986-ல் ஒன்டாரியோ மேல்பணம் வாங்குவதைத் தடை செய்தபோது அங்கும் டாக்டர்கள் 25 நாள் வேலை நிறுத்தம் செய்தார்கள். சட்டம் நின்றது.

பச்சை அட்டை என்ன செய்யும்?

2024-ல் ஒன்டாரியோவின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 60 லட்சம். பெரும்பாலோர் பர்ஸில் போட்டோ ஒட்டிய ஒரு பச்சை அட்டை இருக்கும். அதில் 10 இலக்க எண். கிளினிக்கில் அதை நீட்டினால் போதும். பார்த்து முடித்ததும் டாக்டர் பில்லை ஓஹிப்புக்கு அனுப்புவார். நோயாளிக்குத் தொகை எவ்வளவு என்றே தெரியாது.

குடும்ப டாக்டர், சிறப்பு மருத்துவர், அவசரப் பிரிவு, அறுவை சிகிச்சை, பிரசவம், ஆஸ்பத்திரி வார்டு, உள்நோயாளியாக இருக்கும்போது தரும் மருந்து, டாக்டர் எழுதித் தரும் எக்ஸ்ரே, ஸ்கேன் எல்லாம் இதில் அடங்கும். இதய அறுவை சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புபவர் கார் நிறுத்திய கட்டணத்தை மட்டும் கட்டிவிட்டு வரலாம். "பில் கிடையாதாமே" என்று நம் பசங்க சொல்வது இந்த அளவில் உண்மைதான்.

அப்படியானால் பணம் எங்கிருந்து வருகிறது? வரியிலிருந்துதான். முன்பு குடும்பத்துக்கு இவ்வளவு என்று பிரீமியம் வாங்கினார்கள். 1990-ல் அதை எடுத்துவிட்டு, முதலாளிகள் கட்டும் வரியாக மாற்றினார்கள். 2004-லிருந்து வருமான வரியோடு சேர்த்து வருமானத்துக்கு ஏற்ப ஆண்டுக்கு 900 டாலர் வரை தனியாகவும் வாங்குகிறார்கள். இலவசம் என்று உலகில் ஏதுமில்லை. நோய் வந்த அன்று கேட்காமல், சம்பாதிக்கும் நாட்களில் வாங்கிக்கொள்கிறார்கள், அவ்வளவே.

அட்டை யாருக்கு? கனடாக் குடிமக்கள், நிரந்தரக் குடியுரிமை பெற்றவர்கள், சில வகை வேலை அனுமதி உள்ளவர்கள். ஒன்டாரியோதான் வீடு என்று இருக்க வேண்டும். 12 மாதத்தில் 153 நாளாவது அங்கே இருக்க வேண்டும். புதிதாக வருபவர் 3 மாதம் காத்திருக்க வேண்டும் என்ற விதியை 2020 மார்ச்சில் நீக்கிவிட்டார்கள்.

எது கிடைக்காது?

இங்கேதான் கவனம் தேவை. கழுத்துக்குக் கீழே வலித்தால் காசு வேண்டாம், கழுத்துக்கு மேலே வலித்தால் காசு வேண்டும் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். சாதாரணப் பல் சிகிச்சை ஓஹிப்பில் இல்லை. 20 முதல் 64 வயது வரை உள்ளவர்களுக்கு வழக்கமான கண் பரிசோதனை 2004-ல் நீக்கப்பட்டது. கண்ணாடியும் சொந்தச் செலவு. டாக்டர் எழுதித் தரும் மருந்தை வெளியே மருந்துக்கடையில் வாங்கினால் அதுவும் நம் காசு. தேவைக்கு ஆம்புலன்ஸ் ஏறினாலும் 45 டாலர் பங்குக் கட்டணம் உண்டு.

இந்த ஓட்டைகளை அடைக்கத் துண்டு துண்டாகத் திட்டங்கள் உண்டு. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு மாகாண மருந்துத் திட்டம். மருந்துச் செலவு குடும்ப வருமானத்தில் சுமார் 4 சதவீதத்தைத் தாண்டினால் கைகொடுக்கும் 'டிரில்லியம்' திட்டம் 1995-ல் வந்தது. 2018-ல் 25 வயதுக்கு உட்பட்ட எல்லோருக்கும் மருந்து என்று அறிவித்து, 2019-ல் தனியார் காப்பீடு இல்லாதவர்களுக்கு மட்டும் என்று சுருக்கினார்கள். பல்லுக்கு மத்திய அரசின் திட்டம் 2024 மே முதல் சிகிச்சை தரத் தொடங்கியது. குடும்ப வருமானம் 90,000 டாலருக்குக் குறைவாகவும், வேறு பல் காப்பீடு இல்லாமலும் இருக்க வேண்டும். 2024 அக்டோபரில் மத்திய மருந்துச் சட்டமும் நிறைவேறியது. முதல் கட்டமாக அது எடுத்துக்கொண்டது சர்க்கரை நோய் மருந்துகளையும் கருத்தடைச் சாதனங்களையும்.

வேலையோடு வரும் காப்பீடு

மீதி இடைவெளியை நிரப்புவது முதலாளி தரும் குழுக் காப்பீடு. கனடாவில் மூன்றில் இரண்டு பங்கு மக்களுக்கு இப்படி ஏதோ ஒரு தனியார் கூடுதல் காப்பீடு இருக்கிறது. மருந்து, பல், கண்ணாடி, நீண்டகால ஊனத்துக்கு மாத வருமானம், அதோடு ஒரு வருடச் சம்பளமோ இரண்டு வருடச் சம்பளமோ அளவுக்கு ஆயுள் காப்பீடு. ஓஹிப் தரும் சேவைக்கே போட்டியாகத் தனியார் காப்பீடு விற்பதற்கு அங்கே தடை. பணக்காரன் தனி வரிசையில் போய்விட்டால் பொது வரிசையைப் பற்றிக் கவலைப்பட ஆளிருக்காது என்பது அதன் உள்ளர்த்தம்.

சிக்கல் எங்கே? வேலை போனால் இந்தக் காப்பீடும் போய்விடும். பகுதிநேர வேலை, ஒப்பந்த வேலை, டாக்சி, டெலிவரி என்று ஓடுபவர்களுக்குப் பெரும்பாலும் இது இருப்பதே இல்லை. புதிதாகப் போன நம்மவர்கள் முதலில் சேர்வது இந்த வேலைகளில்தானே! வேலையை விட்டவர், குழு ஆயுள் காப்பீட்டை மருத்துவப் பரிசோதனை இல்லாமல் சொந்தப் பாலிசியாக மாற்றிக்கொள்ளச் சாதாரணமாக 31 நாள் அவகாசம் உண்டு. பலருக்கு இது தெரியாமலே நாள் கடந்துவிடுகிறது.

பட்டறையில் அடிபட்டால்?

நமக்கு மிக நெருக்கமான விஷயம் இது. 1914-ல் ஒன்டாரியோ ஒரு சட்டம் போட்டது. தலைமை நீதிபதி வில்லியம் மெரெடித் தந்த யோசனை. வேலையில் அடிபட்ட தொழிலாளி முதலாளிமேல் வழக்குப் போடும் உரிமையை விட்டுக்கொடுக்க வேண்டும். பதிலாக, யார் மேல் தப்பு என்று பார்க்காமல் இழப்பீடு உடனே கிடைக்கும். முதலாளிகள் எல்லோரும் சேர்ந்து ஒரு நிதியில் பணம் கட்ட வேண்டும். தொழிலாளி சல்லிக்காசு கட்ட வேண்டாம். 1915 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இந்த ஏற்பாடு, சில வகை நிறுவனங்கள் நீங்கலாக, இன்றும் நடக்கிறது. லேத்தில் விரல் சிக்கியவன் வக்கீலைத் தேடி அலையாமல் டாக்டரைத் தேடிப் போகலாம். தொழிற்சாலைக்குள் நுழையப்போகும் நாம் மனதில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய கொள்கை இது.

உயிர் போனால்?

அரசு ஓய்வூதியத் திட்டத்தில் பணம் கட்டியவர் இறந்தால் குடும்பத்துக்கு ஒருமுறை கிடைப்பது அதிகபட்சம் 2500 டாலர். 2025 முதல் சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு அது 5000 டாலர். நிபந்தனைக்கு உட்பட்டுத் துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் மாதத் தொகையும் உண்டு. ஆனால் வீட்டுக் கடனுக்கு முன் இது எம்மாத்திரம்? ஆகவே ஆயுள் காப்பீடு அங்கே முழுக்க முழுக்கத் தனியார் கம்பெனிகளின் களம்.

இரண்டு பெரிய வகை. 10 வருடம், 20 வருடம் என்று காலம் குறித்தது 'டெர்ம்'. அந்தக் காலத்துக்குள் இறந்தால் பணம், இல்லாவிட்டால் ஒன்றுமில்லை. மலிவு. இரண்டாவது, வாழ்நாள் முழுதும் தொடரும் வகை. அதில் சேமிப்பும் சேர்ந்து வளரும். பிரீமியம் பல மடங்கு. இளம் குடும்பத்துக்கு எது வேண்டும் என்பதைக் கடனையும் பிள்ளைகளின் வயதையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும், ஏஜெண்டின் கமிஷனை வைத்து அல்ல. சிகரெட் பிடிப்பவர் மற்றவரைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு கட்ட வேண்டியிருக்கும். ஹாஸ்டல் மொட்டை மாடி நண்பர்கள் கவனிக்க!

சட்டமும் பாலிசிதாரருக்குத் துணை நிற்கிறது. பிரீமியம் கட்ட 30 நாள் சலுகை. பாலிசி இரண்டு வருடம் நடப்பில் இருந்துவிட்டால், மோசடி இருந்தாலொழிய, "அன்று தவறாக எழுதினாய்" என்று கம்பெனி மறுக்க முடியாது. மனைவி, கணவன், பிள்ளை, பேரன் பேத்தி, பெற்றோர் ஆகியோரைப் பயனாளியாக எழுதியிருந்தால் கடன்காரர்கள் அந்தப் பணத்தில் கை வைக்க முடியாது. குடும்பத்துக்கு வரும் தொகைக்கு வருமான வரியும் கிடையாது. 2017-ல் வந்த சட்டப்படி, மரபணுப் பரிசோதனை முடிவைக் காட்டச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. 2020-ல் உச்ச நீதிமன்றமும் அச்சட்டம் செல்லும் என்று உறுதி செய்தது.

வீட்டுக் கடன் வாங்கும்போது வங்கியே ஒரு காப்பீட்டை நீட்டும். கடன் குறையக் குறைய அதன் தொகையும் குறையும், கட்டணம் மட்டும் குறையாது. இறந்தால் பணம் நேராக வங்கிக்குத்தான் போகும். தனியாக டெர்ம் எடுத்தால் தொகை மாறாது, பணமும் வீட்டுக்கு வரும். கையெழுத்துப் போடும் முன் இந்த வித்தியாசத்தை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

கம்பெனியே கவிழ்ந்தால்?

நியாயமான சந்தேகம். 1871-ல் தொடங்கிய 'கான்ஃபெடரேஷன் லைஃப்' 1994 ஆகஸ்டில் டொரான்டோவில் கவிழ்ந்தது. நிலம், கட்டிடம் என்று கடன் கொடுத்த பணம் முடங்கிப்போனது முக்கியக் காரணம். பாலிசிகள் வேறு கம்பெனிகளுக்கு மாற்றப்பட்டன. அதற்கு நான்கு வருடம் முன்பே, 1990-ல், கம்பெனிகள் சேர்ந்து ஒரு பாதுகாப்பு அமைப்பை உருவாக்கியிருந்தன. இன்று அதன் பெயர் 'அஷ்யூரிஸ்'. கம்பெனி கவிழ்ந்தாலும் இறப்புத் தொகையில் 10 லட்சம் டாலர் அல்லது 90 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அதற்கு இது பொறுப்பு. காப்பீட்டுக் கம்பெனிக்கே ஒரு காப்பீடு!

படிக்கப் போகும் நம்மவர்களுக்கு

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஒன்டாரியோவில் வெளிநாட்டு மாணவர்களுக்கு 1994 முதல் ஓஹிப் கிடையாது. ஆம், பச்சை அட்டை உங்களுக்கு இல்லை! பல்கலைக்கழக மாணவர்களுக்கு 'யூஹிப்' என்ற தனித் திட்டம் உண்டு. கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் தனியார் கம்பெனியோடு பேசி ஒரு குழுக் காப்பீடு வைத்திருக்கும். கட்டணத்தோடு சேர்த்து வாங்கிவிடுவார்கள். சஸ்காச்சுவான் மாகாணத்தில் வெளிநாட்டு மாணவருக்கும் அரசுக் காப்பீடு உண்டு என்பதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நாடு ஒன்று, மாகாணத்துக்கு மாகாணம் விதி வேறு.

படிப்பு முடிந்ததும் கல்லூரிக் காப்பீடு முடிந்துவிடும். வேலை அனுமதி வந்துவிட்டாலே பச்சை அட்டை வந்துவிடாது. ஒன்டாரியோ முதலாளி ஒருவரிடம் குறைந்தது 6 மாத முழுநேர வேலை இருக்க வேண்டும். படிப்புக்கும் வேலைக்கும் நடுவே உள்ள அந்த மாதங்கள்தான் மிக ஆபத்தான பள்ளம். அந்த நேரத்தில் குடல்வால் வீங்கினால் பில் முழுக்க நம் தலையில். ஊரில் ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவின் தலையில் என்றும் சொல்லலாம். அந்த மாதங்களுக்கு மட்டும் தனியாக ஒரு காப்பீடு வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம்.

அத்தையின் சர்க்கரை

பெற்றோர் அங்கே போய்ப் பல வருடம் தங்க 'சூப்பர் விசா' என்று 2011 முதல் ஒன்று உண்டு. அதற்குக் குறைந்தது 1,00,000 டாலருக்குத் தனியார் மருத்துவக் காப்பீடு ஒரு வருடத்துக்கு எடுத்திருக்க வேண்டும். என் அத்தை ஸ்கார்பரோவில் இருக்கும் மகனிடம் போகத் தயாரானபோது, படிவம் நிரப்பும் வேலை என்னிடம் வந்தது. சர்க்கரை நோய் உண்டா என்ற கேள்வி. இங்கே உதவிக்கு வந்த ஒருவர், "இல்லைன்னு போடுங்க தம்பி, பிரீமியம் ஏறிடும்" என்றார். அத்தையும், "ஆமாண்டா, மாத்திரைதானே போடறேன், அதெல்லாம் ஒரு வியாதியா?" என்றார்.

அத்தானுக்குப் போன் போட்டேன். "டேய், உள்ளதை உள்ளபடி எழுது. அம்மாவுக்கு ஒண்ணுன்னா அவங்க முதல்ல ஊர் டாக்டர் சீட்டைத்தான் கேப்பாங்க. பொய்னு தெரிஞ்சா அத்தனை பில்லும் என் தலையில" என்றார். உண்மைதான். இத்தகைய பயணக் காப்பீட்டில், முன்பே உள்ள நோய் குறிப்பிட்ட காலம், பெரும்பாலும் 90 நாளோ 180 நாளோ, மருந்து மாறாமல் நிலையாக இருந்தால்தான் பணம் தருவார்கள். சர்க்கரை என்று எழுதினோம். மாத்திரை அளவு எப்போது கடைசியாக மாறியது என்பதையும் எழுதினோம். பிரீமியம் ஏறத்தான் செய்தது. "பரவாயில்லடா, நிம்மதியா ஏறுவேன்ல" என்றார் அத்தை. மேலே சொன்ன 1000 பேர் கணக்கு நிற்பதற்கு அடிமானம் உண்மை பேசுவதுதான் என்பதை அன்று கண்ணால் பார்த்தேன்.

குறையே இல்லையா?

ஏன் இல்லை? 2024-ல் ஒன்டாரியோவில் குடும்ப டாக்டர் கிடைக்காதவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். அட்டை இருக்கிறது, நீட்ட டாக்டர் இல்லை! மூட்டு மாற்று போன்ற அவசரமில்லாத சிகிச்சைக்கு மாதக்கணக்கில் காத்திருப்பு. அவசரப் பிரிவில் பல மணி நேரம் நாற்காலியில் உட்கார வேண்டும். மருந்தையும் பல்லையும் 1960-களிலேயே சேர்த்திருந்தால் இன்று இத்தனை ஒட்டுப்போட வேண்டியிருக்காது. இருந்தும், வியாதி வந்தால் வீடு விற்கணுமே என்ற பயம் இல்லாமல் அங்கே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. அது சாதாரண விஷயம் அல்ல.

புறப்படும் முன் ஐந்து கேள்வி

நண்பர்களே, கனடாவுக்குப் போனாலும் சரி, வேறு எங்கு போனாலும் சரி, இந்த ஐந்தையும் கேட்டுவிட்டுப் பெட்டியைக் கட்டுங்கள்.

1. என் காப்பீடு எந்தத் தேதியில் தொடங்கி எந்தத் தேதியில் முடிகிறது?
2. மருந்து, பல், கண், ஆம்புலன்ஸ் இதில் உண்டா?
3. ஏற்கெனவே எனக்குள்ள நோய்க்கு என்ன விதி?
4. பில்லை அவர்களே நேராகக் கட்டுவார்களா, நான் கட்டிவிட்டுத் திரும்பக் கேட்க வேண்டுமா?
5. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் படிப்புக் கடன் யார் தலையில் விழும்?

ஐந்தாவது கேள்வியை நாம் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. அபசகுனம் என்று நினைக்கிறோம். ஆனால் ஜாமீன் போட்ட அப்பாவும் அம்மாவும் மனதுக்குள் தினமும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்குப் பதில் சொல்லிவிட்டுப் புறப்படுவோம்.